நிதி தேவையில் மூன்றில் ஒரு பங்குதான்: சாலைப் பராமரிப்பில் எதை முதலில் எடுப்பது?

#1 · கிலோமீட்டர்கல்

வணக்கம். கேட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குதான் வரும் என்று உறுதியான ஆண்டில், வழக்கமான பராமரிப்பு வேலைகளை எந்த வரிசையில் எடுப்பது? பேச்சு பொத்தாம்பொதுவாகப் போய்விடக் கூடாது என்பதால் ஒரு மாதிரிக் கணக்கை வைக்கிறேன். எல்லோரும் இதை வைத்தே பேசுவோம்.

இருவழித் தார்ச்சாலை 200 கி.மீ. அதில் நல்ல நிலை 80, நடுத்தரம் 70, மோசம் 50. சாலைக்கு அடியில் நீர் கடக்கும் சிறுபாலங்கள் 310, பாலங்கள் 14. கைக்கு வரும் ஆண்டு நிதி முழுவதையும் 100 பங்கு என்று கொள்வோம். ஒரு கி.மீ.க்கு ஆகும் செலவும் அதனால் கூடும் ஆயுளும்:

புனரமைப்பு (அடித்தளத்தோடு புதிதாகப் போடுவது): 15 பங்கு, 15 ஆண்டு.
ஓவர்லே (பழைய தளத்தின்மேல் புதுத் தார் அடுக்கு): 5 பங்கு, 8 ஆண்டு.
தார் தெளித்துச் சிறுஜல்லி பரப்பும் மேற்பரப்புப் பூச்சு: 1.25 பங்கு, 5 ஆண்டு.
விரிசல் அடைப்பு: 0.25 பங்கு, 2 ஆண்டு.

இவை வெறும் மாதிரி எண்கள். அவரவர் வேலைவீதத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். புகார்கள் எல்லாமே அந்த 50 கி.மீ. மோசமான சாலையிலிருந்துதான் வருகின்றன. "இருப்பதிலேயே மோசமானதை முதலில் எடு" என்பதுதான் பெரும்பாலான அலுவலகங்களில் எழுதப்படாத விதி. அது சரியா?

---

#2 · அளவுப்புத்தகம்

சரியில்லை. உங்கள் எண்களே அதைக் காட்டுகின்றன.

200 கி.மீ. சாலை ஒவ்வோர் ஆண்டும் ஓராண்டு ஆயுளை இழக்கிறது. அதாவது நாம் ஒன்றுமே செய்யாவிட்டால் ஆண்டுக்கு 200 கி.மீ.-ஆண்டு (நீளத்தை ஆயுளால் பெருக்கிய அளவு) கரைகிறது. செய்யும் வேலையால் எவ்வளவு திரும்பச் சேர்கிறது என்று பாருங்கள்.

100 பங்கையும் புனரமைப்பில் போட்டால் 6.67 கி.மீ. முடியும். அதை 15 ஆண்டால் பெருக்கினால் 100 கி.மீ.-ஆண்டு. புதுச் சாலை பளபளவென்று இருக்கும், ஆனால் மொத்த வலையமைப்பு அந்த ஆண்டில் 100 கி.மீ.-ஆண்டு பின்னோக்கிப் போயிருக்கும்.

ஒரு பங்கு செலவுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவு: புனரமைப்பு 1 கி.மீ.-ஆண்டு, ஓவர்லே 1.6, மேற்பரப்புப் பூச்சு 4, விரிசல் அடைப்பு 8. நடுத்தரச் சாலை மோசமாகச் சரிவதைத் தடுக்கும் வேலைதான் மலிவு. சரிந்த பிறகு அதே கி.மீ.யை மீட்க 12 மடங்கு ஆகும்.

இந்தக் கணக்குக்குத் தனி மென்பொருள் வேண்டாம். சாலையை 100 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, நல்லது, நடுத்தரம், மோசம் என்று மூன்றே வகையாகக் குறித்தால் போதும். 200 கி.மீ.க்கு 2,000 துண்டுகள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வண்டியில் போனால் ஓட்டம் மட்டும் 10 மணி நேரம். இறங்கிப் பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒருவர் ஓட்ட ஒருவர் எழுத இரண்டு மூன்று நாளில் முடியும்.

---

#3 · நீர்வழி

அளவுப்புத்தகம் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் வடிகால் எங்கே? "பூச்சு 5 ஆண்டு தாங்கும்" என்ற எண்ணே, அடித்தளம் காய்ந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஈரம் ஊறிய அடித்தளத்துக்கு மேல் போட்ட பூச்சு இரண்டு மழைக்காலம் தாண்டாது. எனவே பட்டியலில் முதல் வரி நீருக்குத்தான்.

நீர் சாலைக்குள் போகும் வழிகளில் பெரும்பாலோர் விரிசலைப் பார்க்கிறார்கள், விளிம்பைப் பார்ப்பதில்லை. மண்ணும் புல்லும் சேர்ந்து தார்விளிம்பைவிட உயர்ந்துவிட்ட மண்தோள்தான், அதாவது சாலையோர மண்பட்டைதான், முதல் குற்றவாளி. சாலையின் குறுக்குச் சரிவு 2.5 சதவீதம், விளிம்பில் மண் 30 மி.மீ. உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். 30-ஐ 0.025-ஆல் வகுத்தால் 1,200 மி.மீ. அதாவது நீர் விளிம்பிலிருந்து 1.2 மீட்டர் உள்ளே வரை தேங்கும். கனரக வண்டியின் வெளிச்சக்கரம் உருளும் தடம் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சக்கரமும் தேங்கிய நீரை விரிசலுக்குள் அழுத்தி இறக்குகிறது. விளிம்பு உடைவதும் வெளித்தடத்தில் முதலை முதுகு போல வலைவிரிசல் விழுவதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

மண்தோளைச் சீவும்போது கவனிக்க வேண்டியவை:

சரிவு தார்ப்பகுதியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கட்டும், 2.5-க்கு 4 சதவீதம் பொருந்தும். ஒரு கி.மீ.யில் இருபுறமும் 1 மீட்டர் அகலத்துக்குச் சராசரி 50 மி.மீ. சீவினால் 100 கன மீட்டர் மண் வரும். அதை எங்கே கொட்டுவது என்று முன்பே முடிவு செய்யாவிட்டால் ஓட்டுநர் பக்கக் கால்வாயிலேயே தள்ளிவிடுவார், வேலை வீண். மண்ணைச் சீவும் கிரேடர் இயந்திரம் விட்டுச்செல்லும் மண்வரிசையை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஓரிரவு மழை போதும், அதுவே அணையாகிவிடும். மிகையாகச் சீவினால் தார்விளிம்பில் படி விழும். 50 மி.மீ.க்கு மேல் படி இருந்தால், கீழே இறங்கிய சக்கரத்தை மேலே ஏற்ற ஓட்டுநர் ஸ்டியரிங்கை வேகமாக ஒடிப்பார், வண்டி எதிர்த்தடத்துக்குப் பாயும்.

பக்கக் கால்வாயின் அடிமட்டம் சாலையின் ஜல்லி அடுக்குகளுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் அது வடிகால் அல்ல, சாலைக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால்.

---

#4 · கிலோமீட்டர்கல்

310 சிறுபாலங்களையும் ஒரே பருவத்தில் தூர்வார முடியாது. எப்படிப் பிரிப்பது?

---

#5 · நீர்வழி

அடைப்பின் அளவை வைத்து முதலில் பிரியுங்கள். ஆனால் அந்த அளவு ஏமாற்றும். வட்டக் குழாயில் பாதி உயரம் மண் இருந்தால் பாதி நீர் போகும் என்று நினைப்போம். நீரோட்டத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரப்படி, குழாய் நிரம்பி ஓடும் நிலையில் கணக்கிட்டால், மிஞ்சும் திறன் சுமார் 36 சதவீதம்தான். பரப்பு பாதியாகிறது, மேலும் நீர் உரசும் சுற்றளவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. கால் உயரம் மண் இருந்தால் சுமார் 72 சதவீதம் மிஞ்சும். எனவே கால் உயரத்தைத் தாண்டியதெல்லாம் இந்தப் பருவப் பட்டியலில், பாதியைத் தாண்டியதெல்லாம் முதல் மழைக்கு முன்.

அடுத்து விளைவு. உயரமான கரையின் அடியில் உள்ள குழாய் அடைத்தால் கரையே அரித்துப் போகும், சாலை துண்டாகும். சமதளத்தில் உள்ளது அடைத்தால் நீர் சாலைமேல் ஓடி வடியும். மாற்றுப்பாதை இல்லாத சாலை என்றால் இன்னும் ஒரு படி மேலே.

தூர்வாருவதைக் கீழ்முனையிலிருந்து தொடங்க வேண்டும். வெளிவாய் அடைத்திருக்க மேல்வாயை மட்டும் திறந்தால் மண் உள்ளே போய் நடுக்குழாயில் உட்காரும், பிறகு எடுப்பது இரட்டிப்பு வேலை. வெளிவாயைப் பார்க்கும்போது அதன் கீழ் அரிப்புக் குழி இருக்கிறதா என்றும் பாருங்கள். தூர்வாரி முடித்த குழாய் அடுத்த மழையில் நழுவி விழுவதற்கு அதுதான் காரணம். இரண்டு கூடை கருங்கல் அடுக்கினால் தீர்ந்துவிடும் நிலையில் இருப்பதை விட்டுவிட்டால் குழாய் முனையில் நிற்கும் தலைச்சுவரே சரியும்.

ஆய்வுக்குச் சிறந்த நேரம் மழை பெய்துகொண்டிருக்கும்போதுதான். எங்கே தேங்குகிறது, எங்கே குறுக்கே ஓடுகிறது என்பதை எந்தக் கருவியும் அவ்வளவு மலிவாகச் சொல்லாது.

---

#6 · ஜல்லிமேடு

#2-க்கு வருகிறேன். கி.மீ.-ஆண்டுக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை அடைக்காமல் மேலிடத்தில் காட்டினால் முதல் கேள்வியிலேயே விழும்.

முதலாவது, எல்லாக் கி.மீ.யும் ஒன்றல்ல. சாலை எவ்வளவு தேய்கிறது என்பது வண்டிகளின் எண்ணிக்கையைவிட சக்கர அச்சு ஒவ்வொன்றும் தாங்கும் சுமையை, அதாவது அச்சுச் சுமையைப் பொறுத்தது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த ஆஷோ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையிலிருந்து வந்த தோராய விதி, சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்கில் வளர்கிறது என்பது. 8 டன் அச்சு 10 டன்னானால் 1.25-இன் நான்காம் அடுக்கு, சுமார் 2.4 மடங்கு சேதம். அரை டன் கார் அச்சோடு 10 டன் அச்சை ஒப்பிட்டால் 1,60,000 மடங்கு. எனவே சாலைத்தளத்துக்கான வரிசையில் கனரக வண்டிகளை எண்ணுங்கள், மொத்தப் போக்குவரத்தை அல்ல. பாதுகாப்புக்கான வரிசையில் நேர்மாறு: அங்கே இருசக்கர வண்டியும் நடப்பவரும் முழு எடை பெற வேண்டும். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்தால் எதற்கும் உதவாது.

இரண்டாவது, மருந்து நோய்க்குப் பொருந்த வேண்டும். பங்குக்கு 8 கிடைக்கிறது என்று எல்லா விரிசலையும் அடைத்துக்கொண்டு போகக் கூடாது. தனித்தனியாக ஓடும் நீள விரிசலும் குறுக்கு விரிசலும், அகலம் 3 முதல் 20 மி.மீ. வரை இருந்தால், அடைப்புக்கு ஏற்றவை. 3 மி.மீ.க்குக் குறைந்த மயிரிழை விரிசலுக்குள் அடைப்புப் பொருள் இறங்காது. அதற்கு மேற்பரப்புப் பூச்சு. வலைவிரிசல் என்பது அடித்தளம் போய்விட்டது என்ற செய்தி. அதன்மேல் அடைப்போ பூச்சோ செய்தால் கூடும் ஆயுள் பூச்சியம். பரப்பு சிறிதாக இருந்தால் வெட்டியெடுத்து ஆழமாக ஒட்டுப்போட வேண்டும், பெரிதானால் அந்தத் துண்டு "மோசம்" பட்டியலுக்குப் போக வேண்டும்.

அடைக்கும் முறை: விரிசலைச் சுமார் 12 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழத்துக்கு ரூட்டர் என்ற வெட்டுக்கருவியால் வெட்டி, காம்ப்ரசர் காற்றால் ஊதி, காய்ந்திருப்பதை உறுதி செய்து, தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலையில் உருக்கிய ரப்பர் கலந்த அடைப்பானை ஊற்ற வேண்டும். மீட்டருக்கு வெட்டின் கொள்ளளவு 144 கன செ.மீ., அதாவது சுமார் 160 கிராம். மேல்பட்டையும் சிந்தலும் சேர்த்து 200 முதல் 250 கிராம் கணக்குப் போடுங்கள். பெயர்ந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டே: உள்ளே தூசி, அல்லது ஈரம். காம்ப்ரசரில் நீர்பிரிப்பான் இல்லாவிட்டால் காற்றே ஈரத்தையும் எண்ணெயையும் உள்ளே தெளிக்கும். அளவுக்கு மேல் சூடாக்கினாலும் ரப்பர் கெட்டுவிடும், கொப்பரை வெப்பமானியைப் பார்க்காமல் ஊற்றக் கூடாது.

---

#7 · தார்ப்பட்டை

குழி அடைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆண்டு நிதியை ஓசையில்லாமல் விழுங்குவது அதுதான். ஒரே குழியை மூன்று முறை அடைத்தால் மூன்று முறை வண்டி, ஆள், போக்குவரத்துக் காவல். அதில் கலவையின் விலை சிறு பகுதிதான். எனவே "முதல் முறையிலேயே நிலைக்கும்படி" என்பதை விதியாக்க வேண்டும்.

குழியைச் சுற்றி உறுதியான தார் கிடைக்கும் வரை, தெரியும் விளிம்பிலிருந்து குறைந்தது 100 மி.மீ. தள்ளி, நேர்கோடுகளில் வெட்டு. பக்கங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். சரிவாக விட்டால் ஓரத்தில் கலவை மெலிந்து முதலில் அங்கேதான் பெயரும். தளர்ந்த கல், நீர், சேறு எல்லாவற்றையும் எடு. அடிப்பகுதி சேறாக இருந்தால் ஜல்லி போட்டு இடித்து இறுக்கு. டேக் கோட் எமல்ஷனை (பழையதோடு புதியதை ஒட்டவைக்கும், நீரில் கலந்த தார்) அடியிலும் நான்கு பக்கங்களிலும் பூசு. பழுப்பாக இருப்பது கறுப்பாக மாறும் வரை பொறு. மாறாமல் கலவை போட்டால் நீர் உள்ளே சிறைப்படும். ஓர் அடுக்கு இறுகியபின் 75 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. ஓரத்திலிருந்து நடுவுக்கு இறுக்கு. முடிவில் 3 முதல் 5 மி.மீ. மேடாக நிற்கட்டும், சக்கரங்கள் மிச்சத்தை இறுக்கும்.

அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1 மீட்டருக்கு 0.6 மீட்டர், ஆழம் 75 மி.மீ. கொள்ளளவு 0.045 கன மீட்டர். இறுகிய கலவைக்குக் கன மீட்டருக்கு 2.3 டன் என்றால் 104 கிலோ. அடியும் பக்கமும் சேர்ந்த பரப்பு 0.84 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 0.3 கிலோ என்றால் எமல்ஷன் கால் கிலோ. ஒரு லோடில் எத்தனை குழி என்று காலையிலேயே தெரிந்துவிடும், கலவை ஆறிப்போய்க் கடைசிக் குழிகளில் வீணாகாது.

சூட்டுக் கலவை கையில் கிடைக்காத மழை நாளில், உயிருக்கு ஆபத்தான குழியைக் குளிர்கலவையால் அடைப்பது சரிதான். ஆனால் பதிவேட்டில் "தற்காலிகம்" என்று எழுதி, காய்ந்த பருவத்தில் வெட்டி அடைக்கும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. ஒரே இடத்தில் மூன்றாம் முறை ஒட்டுப்போட நேர்ந்தால் அங்கே கலவையை நிறுத்திவிட்டு வடிகாலைப் பார்க்க ஆள் அனுப்புங்கள்.

---

#8 · நீர்வழி

கடைசிப் பத்தியைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.

---

#9 · இராவெளிச்சம்

சாலைத்தளத்தில் ஆயுளைக் கணக்கிடலாம். ஆனால் வளைவில் அம்புக்குறிப் பலகை இல்லாததற்கு "கூடும் ஆயுள்" என்ன? இந்த வேலைகள் கி.மீ.-ஆண்டுக் கணக்கில் எப்போதுமே தோற்கும். எனவே போட்டிக்கே விடாமல் தனி ஒதுக்கீடு வைக்க வேண்டும்.

இதிலும் செலவு வாரியாக ஒரு வரிசை உண்டு. முதலில் கத்தரிப்பு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓட்டுநர் சுதாரிக்க 2.5 விநாடி, அதற்குள் வண்டி 55 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 73 மீட்டர். ஆக 128 மீட்டர் தொலைவு தெரிய வேண்டும். வளைவின் உள்பக்கமும் சந்திப்பின் முக்கோணமும்தான் முதலில். நேர்ச்சாலையின் ஓரப் புதரைக் கடைசியில் பார்க்கலாம். ஒரு நாளில் மூன்று நான்கு ஆட்களால் பல வளைவுகள் திறந்துவிடும். இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேலை வேறில்லை.

இரண்டாவது, பலகைகளைக் கழுவுவது. இரவில் மங்கலாகத் தெரியும் பலகையில் பாதிக் குற்றம் தூசியும் பாசியுமாக இருக்கலாம். மிருதுவான துணி, சோப்புக் கரைசல், நல்ல நீர். கரடுமுரடாகத் தேய்த்தால் பிரதிபலிப்புத் தாளே கீறிப் போகும். கழுவியும் மங்கலாக இருந்தால்தான் மாற்றும் பட்டியல். அதிலும் "நில்", "வழிவிடு", வளைவு அம்புக்குறிகள் முதலில். ஊர்ப்பெயர்ப் பலகைகள் பிறகு.

மூன்றாவது, தரைக்கோடு. நிதி பற்றாவிட்டால் எல்லாக் கோடுகளையும் அரைகுறையாகப் போடாமல், விளக்கு இல்லாத பகுதிகளின் ஓரக்கோட்டையும் வளைவுகளின் நடுக்கோட்டையும் முழுமையாகப் போடுங்கள். கோடு போட உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் பெயர்ந்து போவதற்குத் தரை ஈரமே பெரிய காரணம். வெறும் கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டிக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தால் அன்று வேலை இல்லை. ஒளியைத் திருப்ப அதன்மேல் தூவும் கண்ணாடி மணிகள் பாதிக்குச் சற்று மேல் புதைந்திருக்க வேண்டும். முழுதும் மூழ்கினால் ஒளி திரும்பாது, மேலோட்டமாக ஒட்டினால் ஒரு மாதத்தில் உதிரும்.

நான்காவது, ஓரத் தடுப்பு. 50 மி.மீ. ஓவர்லே போட்டால் தடுப்பின் உயரம் 50 மி.மீ. குறைகிறது. இரண்டு முறை ஓவர்லே கண்ட சாலையில் தடுப்பு வண்டியைத் தாங்காது, தாண்டவிடும். ஓவர்லே மதிப்பீட்டிலேயே தூண் உயர்த்தும் வேலையைச் சேர்த்துவிட வேண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் திசையையும் பாருங்கள்: பக்கத்துத் தடத்தின் வண்டி ஓட்டத்துக்கு எதிராகத் தகட்டின் முனை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் இரவிலும் ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் பட்டியல் போட முடியாது.

---

#10 · பாலக்கண்

14 பாலங்களுக்கு வழக்கமான பராமரிப்பில் பெரிய நிதி வேண்டாம், ஆனால் அந்தச் சிறு நிதியை வெட்டவே கூடாது. பாலத்தைக் கொல்வது பெரும்பாலும் இணைப்பு வழியாக ஒழுகும் நீர். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டின் (வெப்பத்தில் பாலம் நீளவும் சுருங்கவும் விடும் இணைப்பு) ரப்பர் கிழிந்தாலோ, மண் அடைத்து அசைய முடியாமல் கிழிந்தாலோ, நீர் உத்திரத்தைத் தாங்கும் பேரிங் மேலும் தூண்தலை மேலும் இறங்கி உள்கம்பியைத் துருவாக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறை: ஜாயின்ட் மண்ணை எடுத்தல், நீர்த்துளைகளைக் குத்தித் திறத்தல், பேரிங் மேடையைக் கழுவுதல், சுவரில் முளைத்த செடியை வேரோடு எடுத்து அந்தப் பிளவை அடைத்தல். வெட்டி மட்டும் விட்டால் வேர் உள்ளே தடிக்கும். நீர்க்குழாய் உத்திரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே வரை நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். குட்டையாக இருந்தால் காற்றில் நீர் உத்திரத்திலேயே அடிக்கும்.

---

#11 · அளவுப்புத்தகம்

குறைபாடுகளை வரிசைப்படுத்தப் பலர் நிகழ்வாய்ப்பு 1 முதல் 5, விளைவு 1 முதல் 5 என்று கொடுத்துப் பெருக்குகிறார்கள். அடிக்கடி நடக்கும் அற்பச் சேதம் 5×1, அரிதாக நடக்கும் உயிரிழப்பு 1×5. இரண்டுக்கும் 5 மதிப்பெண்! எனவே பெருக்காதீர்கள். விளைவை வைத்து முதலில் அடுக்குங்கள், ஒரே விளைவுக்குள் நிகழ்வாய்ப்பை வைத்துப் பிரியுங்கள்.

புகார் எண்ணிக்கையையும் மதிப்பெண்ணாக்க வேண்டாம். புகார் ஓர் இடத்தைச் சுட்டும். அந்த இடத்தின் தரவரிசையைச் சொல்லாது. நடுத்தரச் சாலை ஓசையின்றித்தான் சரியும், அதற்கு யாரும் மனு எழுதுவதில்லை.

பதிவேட்டில் எட்டுக் கட்டங்கள் போதும்: கி.மீ. இடம், இடமா வலமா, எந்த உடைமை, என்ன குறை, அளவு, பார்த்த தேதி, முடிவு, முடித்த தேதி. "முடிவு" என்ற கட்டத்தில் "இந்த ஆண்டு செய்யவில்லை, காரணம் இது" என்பதும் எழுதப்பட வேண்டும். ஒத்திவைத்த வேலைகளின் பட்டியலை ஆண்டுதோறும் கையெழுத்தோடு மேலே அனுப்பாவிட்டால், குறைந்த நிதியே போதுமானது என்று ஆகிவிடும்.

---

#12 · கூம்புவரிசை

ஒரு செய்தி மட்டும். வேலைகளைக் குறைபாடு வாரியாக அனுப்பாமல் பாதை வாரியாக அனுப்புங்கள். எச்சரிக்கைப் பலகை வைத்து, கூம்பு வரிசை அமைத்து, கொடிக்காரரை நிறுத்தி, பிறகு எல்லாவற்றையும் எடுக்க ஒவ்வோர் இடத்திலும் ஒன்றரை மணி நேரம் போனால், ஆறு இடம் மாறிய நாளில் வேலையே நடக்காது. ஒரு தடத்தை மூடிய நேரத்திலேயே விரிசல், குழி, பலகை, கத்தரிப்பு, ஜாயின்ட் சுத்தம் எல்லாம் முடியட்டும். உடனடி ஆபத்து மட்டும் இதற்கு விலக்கு.

---

#13 · கிலோமீட்டர்கல்

எல்லோருக்கும் நன்றி. இதுவரை சொன்னவற்றை வைத்து ஒரு வரைவு:

வடிகால், மண்தோள், சிறுபாலம்: 22 பங்கு.
பாதுகாப்பு, அதாவது கத்தரிப்பு, பலகை, கோடு, தடுப்பு: 20.
பாலங்கள்: 3.
குழி அடைப்பு: 10.
சாலைத்தளம்: 45. இதில் விரிசல் அடைப்பு 24 கி.மீ.க்கு 6 பங்கு, மேற்பரப்புப் பூச்சு 20 கி.மீ.க்கு 25, கனரக வண்டிகள் மிகுந்த நடுத்தரச் சாலையில் ஓவர்லே 2.8 கி.மீ.க்கு 14.

கி.மீ.-ஆண்டு: 48 + 100 + 22.4 = 170.4. இந்த 45 பங்கும் புனரமைப்புக்குப் போயிருந்தால் 3 கி.மீ., 45 கி.மீ.-ஆண்டுதான். 200-ஐ எட்ட இன்னும் சுமார் 30 குறைகிறது. அதை ஒத்திவைப்புப் பட்டியலில் காட்டுவேன். மோசமான 50 கி.மீ.யில் புனரமைப்பு எதுவும் இல்லை. வடிகால், ஆபத்தான குழி, பலகை, தேவைப்பட்டால் வேகக் குறைப்பு மட்டும்.

நடுத்தரச் சாலையில் ஒரு 12 கி.மீ. நீளத்துக்கு விரிசல் அடைப்பும் மேற்பரப்புப் பூச்சும் இரண்டையும் ஒரே பருவத்தில் வைத்திருக்கிறேன், பாதை வாரியாக அனுப்பலாம் என்பதால். சரிதானே?

---

#14 · ஜல்லிமேடு

ஒதுக்கீடு சரி. அந்த 12 கி.மீ. மட்டும் சரியில்லை, இரண்டு காரணங்களுக்காக.

ஒன்று, இரட்டை எண்ணிக்கை. அடைப்பின் 2 ஆண்டு, பூச்சின் 5 ஆண்டுக்குள் அடங்கிவிடுகிறது. எனவே 24 கி.மீ.-ஆண்டு உண்மையில் இல்லை. உங்கள் கூட்டுத்தொகை 170 அல்ல, 146.

இரண்டு, புது அடைப்பானும் புது ஒட்டும் ஆறாமல் மேலே பூச்சு போட்டால், வெயிலில் அடைப்பான் கசிந்து மேலே வரும். அந்தக் கோடுகளில் ஜல்லி பிடிக்காது, மழையில் சக்கரம் வழுக்கும். ஒட்டுப்போட்ட இடங்களில் புதுக் கலவை தாரை உறிஞ்சிவிட்டால் அங்கேயும் ஜல்லி உதிரும். அடைப்பும் ஒட்டும் முந்தைய பருவத்தில், பூச்சு அடுத்த காய்ந்த பருவத்தில்.

எனவே இந்த ஆண்டின் 20 கி.மீ. பூச்சை, மேற்பரப்பு வறண்டு மயிரிழை விரிசல் மட்டும் கண்ட துண்டுகளுக்கு மாற்றுங்கள். அகல விரிசல் உள்ள அந்த 12 கி.மீ.க்கு இப்போது அடைப்பு மட்டும் செய்து, அடுத்த ஆண்டுப் பூச்சுப் பட்டியலின் தலையில் வையுங்கள்.

---

#15 · கிலோமீட்டர்கல்

புரிந்தது. 100 மீட்டர் துண்டுப் பட்டியலில் மயிரிழை, அகலம், வலை என்று விரிசல் வகைக்குத் தனிக் கட்டம் சேர்க்கிறேன். அது இல்லாததால்தான் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

---

#16 · நீர்வழி

அதே பட்டியலில் "மழையில் நீர் தேங்கியது: ஆம், இல்லை" என்றும் ஒரு கட்டம் போடுங்கள். பூச்சுக்குத் தேர்ந்தெடுத்த துண்டில் "ஆம்" இருந்தால், மண்தோளைச் சீவி முடிக்கும் வரை அங்கே தார் வண்டி போகக் கூடாது.